மல்லாட்டைத் துவையலுக்குக் கீழே

"எழுத்து தடிப்பா வரணும்னா முன்னாடி ஒரு குறி, பின்னாடி ஒரு குறி. மூடாம உட்டா கீழ இருக்கறது பூரா தடிச்சிக்கும்."

"எழுதணும், ஆனா யாரு கண்ணுக்கும் தெரியக்கூடாதுன்னா?"

"அதுக்கும் ஒரு குறி இருக்குது. அப்படி இன்னாத்த எழுதப் போற நீ?"

இரண்டு வருடத்துக்கு முன்பு, கம்ப்யூட்டர் வகுப்பின் கடைசி நாளில், சொல்லிக்கொடுத்த கலைப்பிரியா தென்னரசிடம் கேட்டது. அன்றிலிருந்து அவன் அவளுடைய சமையல் வலைப்பக்கத்தில் எது வந்தாலும் "அருமை" என்று போட்டு, பக்கத்திலேயே மறைகுறிக்குள் 'என்னைக் கட்டிக்கிறியா?' என்று எழுதிவிடுவான். அவள் "நன்றி" என்பாள். கேட்டுவிட்ட நிம்மதி; மறுத்துவிடுவாளோ என்ற பயமும் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை செஞ்சியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். கேள்விப்பட்ட நடுக்கத்தில், அவள் போட்டிருந்த மல்லாட்டைத் துவையலுக்கு, அதாவது வேர்க்கடலைத் துவையலுக்கு, கீழே மறைகுறியைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான். அவன் வரிக்குக் கீழே மற்றவர்கள் போட்டிருந்த முப்பத்தெட்டுப் பாராட்டுகளும் மாயமாயின.

பதறிப்போய்த் திறந்த குறியை அழித்தான். பாராட்டெல்லாம் திரும்பி வந்தது. கூடவே கேள்வியும்.

திண்டிவனத்தில் அவனுடைய உரக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் இருதயராஜ் எட்டிப் பார்த்தான்.

"கேள்விய அழிக்காதடா, ஏன் அழிச்சான்னு கேப்பாங்க. மேல கோடு போட்டு அடிச்சி உடு, தமாஷுன்னு நெனச்சிப்பாங்க. ஜல்தி!"

அடித்தான். அந்தக் குறியையும் மூடவில்லை. "சூப்பர் அக்கா", "உங்க கைமணமே தனி" எல்லாவற்றின் மேலும் கோடு. மறுபடி கை வைத்தால், திருத்தும் நேரம் முடிந்தது என்றது தளம்.

"பேஜாராப் போச்சேடா! கேட்டுட்டு, வேணாம்னு நீயே அடிச்ச மாதிரி இல்ல இருக்குது!"

தென்னரசுக்கு அழுகை முட்டியது. கடையை அப்படியே விட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினான். விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

விழுப்புரத்தில் கலைப்பிரியா வீட்டுக் கதவைத் திறந்தவள் அவள் தங்கை சித்ரா. பின்னால் கலைப்பிரியா, கையில் போனுடன்.

"இன்னாத்துக்கு அடிச்ச?"

"அடிச்சதுதான் தப்பு. எழுதினது நெசம். கலை... என்னைக் கட்டிக்கிறியா?"

கலைப்பிரியா தலைகுனிந்துகொண்டாள். சித்ராதான் பொறுமை இழந்தாள்.

"ஏன் மாமா, அக்கா போட்ட ஒவ்வொரு நன்றிக்குப் பக்கத்துலயும், உங்கள மாதிரியே மறைச்சி, ரெண்டு வருஷமா 'சரி'ன்னு எழுதிக்கினே இருக்குதே, நீங்க ஒரு தடவகூட பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற சோர்ஸத் தொறந்து பாக்கலயா?"