சம்பந்தியைச் சோதித்த சோப்புப் பெட்டி

லெஸ்கோவாத்ஸ்,
ஞாயிறு காலை

லின்ஸ் மாநகரில் சகல வசதிகளோடும் வாழ்ந்துவரும் என் அன்பு மைத்துனர் வ்லாஸ்திமிருக்கு, அக்காள் கணவன் திஹோமிர் எழுதிக்கொள்வது. நீயும் உன் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். எதிரெதிர் ஜன்னலைத் திறந்துபோட்டு நடுவில் உட்காராதே. அந்தக் காற்றுதான் உன் கழுத்து வலிக்குக் காரணம் என்று உன் அக்கா சொல்லச் சொன்னாள். இங்கே மிளகாய் சுட்டு, தோலுரித்து, ஐவார் தொக்கு கிண்டிப் பாட்டில்களில் அடைத்தாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்தைத் தவிர இந்த வீட்டில் எதுவும் சரியில்லை. அதற்குக் காரணம் நீ.

கோபப்படாதே மச்சான், முழுசாகப் படி. ஈஸ்டருக்கு வந்தபோது என் முதுகில் தட்டி, "அத்தான், ரிட்டயர் ஆனவன் சும்மா உக்காந்தா துருப்பிடிச்சுடுவான், கைக்கு ஒரு வேலை வேணும்"னு சொல்லி ஒரு காகிதப் பையைக் கொடுத்துவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? பஸ் நிலையத்தில் காலமெல்லாம் மைக் பிடித்து "நீஷ் செல்லும் பேருந்து மூன்றாம் மேடையில்" என்று அறிவித்தவன் நான். என்னிடம் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் முளைத்த ஒரு சிப்பையும், கைநிறைய வண்ணவண்ணச் சில்லறை உருப்படிகளையும் கொடுத்து, "மூணு ஒயர் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும், எந்தப் பாகத்தை மாட்டினாலும் அது என்னன்னு திரையில எழுதிக் காட்டிடும், பழுதா நல்லதான்னும் சொல்லிடும்" என்றாய். அப்படி ஒரு கருவி மனிதர்களுக்கு இல்லையே என்று அன்றைக்கே நினைத்தேன். அந்த நினைப்புதான் வினையாகப் போயிற்று.

ஈயம் உருக்கிப் பற்றவைக்க உட்கார்ந்த முதல் நாளே சாப்பாட்டு மேசை விரிப்பில் ஓட்டை. உன் அக்கா அதன்மேல் பூச்சாடியை வைத்து மறைத்தாள். மறுநாள் இன்னொரு ஓட்டை, அதற்கு ஆப்பிள் தட்டு. அந்த வாரக் கடைசியில் மேசைமேல் சாப்பிட இடமில்லை. எப்படியோ எல்லாவற்றையும் பற்றவைத்து, பயணத்துக்குக் கொண்டுபோகிற என் சோப்புப் பெட்டியில் அடக்கி, பேட்டரி மாட்டி, பொத்தானை அமுக்கினால் திரை நீலமாக ஒளிர்ந்தது. ஒரு எழுத்துகூட வரவில்லை! எல்லாவற்றையும் பிரித்தேன், மறுபடி பற்றவைத்தேன், உன்னைத் திட்டினேன், சிப்பைச் செய்தவனைத் திட்டினேன். ஒரு நாள் உன் அக்கா ராதுங்கா தூசி தட்டுகிறேன் என்று கத்தி முனையால் பின்பக்கத்துக் குட்டித் திருகை லேசாகத் திருப்பினாள், திரை முழுக்க எழுத்து! எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாம் அது. "இத்தனை நாளா அது பாட்டுக்குப் பேசிக்கிட்டுதான் இருந்திருக்கு, நீங்கதான் பாக்கலை"ன்னு சொல்லிவிட்டு அவள் அடுத்த அலமாரியைத் துடைக்கப் போய்விட்டாள்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? பழைய டிவி, முடி உலர்த்தி, வாசல் மணி எல்லாம் மேசைக்கு வந்தன. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவையும், உள்ளே ஆரோக்கியமாகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். உள்ளே எல்லாம் ஆரோக்கியம் என்று சோப்புப் பெட்டி சான்றிதழ் கொடுத்தது. ரேடியோதான் அதற்கப்புறம் பாடவில்லை. பழைய கேமராவின் ஃபிளாஷில் இருந்த கெப்பாசிட்டரை, அதற்குள் தேங்கியிருந்த மின்சாரத்தை வெளியேற்றாமல் அப்படியே மாட்டினேன். பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, உன் பூரானின் உயிர் போய்விட்டது. நல்லவேளை, பையில் இன்னொன்று வைத்திருந்தாய். தீர்க்காயுசாக இரு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் யாஸ்னாவைப் பெண் கேட்க மாப்பிள்ளை ஓக்னியெனின் பெற்றோர் மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் அப்பா கிர்ஸ்மான் கல்தச்சர். ஆள் வாசற்கதவு அளவு இருப்பார், பேச்சும் அந்த அளவுக்கு. அம்மா ஸ்தாமென்கா பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவர். உன் அக்கா தன் கையாலேயே அக்ரூட் உடைத்து, பருப்பை அரைத்து, ஒரு பெரிய தட்டு நிறைய பாக்லவா இனிப்பு செய்தாள். "அந்தப் பெட்டிய மட்டும் வெளியே எடுக்காதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்" என்று என்னிடம் சொல்லியும் வைத்தாள். நானும் சரி என்றேன். உண்மையாகவே எடுக்கிற எண்ணம் இல்லை.

கேட்டது மாப்பிள்ளைதான். "மாமா, நீங்க ஏதோ மிஷின் பண்ணியிருக்கீங்களாமே, யாஸ்னா சொன்னா." பெண் கேட்க வந்த பையன் கேட்கிறான், எப்படி மறுப்பது? கொண்டுவந்தேன். மூன்று ஒயரில் இரண்டின் முனையை விரலால் பிடித்தால், நம் உடம்பையே ஒரு பாகமாக எடுத்துக்கொண்டு மின்தடை இவ்வளவு என்று காட்டும் என்றேன். பையன் பிடித்தான், காட்டியது. ஸ்தாமென்கா பிடித்தார், காட்டியது. ராதுங்கா அப்போதுதான் ஊறுகாய் ஜாடியில் கைவிட்டு முட்டைக்கோஸ் எடுத்திருந்தாள். உப்புத் தண்ணீர்க் கையல்லவா, தடை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. "கல்யாணம் ஆனதிலேர்ந்து இவகிட்ட எதிர்ப்பு இவ்வளவு குறைஞ்சு நான் பாத்ததே இல்ல சம்பந்தி!" என்றேன். வீடே சிரித்தது. கிர்ஸ்மான்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். "எங்க, என்னையும் பாரு சம்பந்தி, நான் கருங்கல்லு" என்று சொல்லி, ஒரு முழுத் துண்டு பாக்லவாவை வாயில் போட்டுக்கொண்டு ஒயரைப் பிடித்தார்.

மச்சான், கல் செதுக்கிய கை. காய்ந்த ரொட்டி ஓடு மாதிரி. மின்சாரம் எங்கே நுழையும்? திரையில் எழுத்து வந்தது. எனக்கோ, எதைக் கண்டாலும் மைக்கில் படிப்பது போல் படிக்கிற வியாதி. உரத்த குரலில், நிறுத்தி நிதானமாக அறிவித்தேன்:

"அறியப்படாத, அல்லது, பழுதான பாகம்!"

யாரும் சிரிக்கவில்லை. கிர்ஸ்மானின் முகம் சுட்ட மிளகாய் மாதிரி சிவந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்தார், உன் அக்காவைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் வாசலுக்குப் போய், ஷூ போடக்கூடப் பொறுக்காமல், நாங்கள் கொடுத்த வீட்டுச் செருப்போடு படியிறங்கிவிட்டார். ஸ்தாமென்கா, "அப்புறம் பேசிக்கலாம், அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர் ஷூவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். கார் ஓட்டப் பையனும் போனான். பெண்ணைக் கேட்கவே இல்லை. காபிக்கு வைத்த தண்ணீர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து யாஸ்னா என்னோடு பேசுவதில்லை. சமையலறைச் சுவரைப் பார்த்து, "சிலருக்கு உப்பு வேணும்னா அவங்களே எடுத்துக்கலாம்" என்கிறாள். மாப்பிள்ளை போன் செய்து, "அப்பா சுவத்தப் பாத்து உக்காந்திருக்காரு. வாயே திறக்கல. வெறும் சூப்புதான் குடிக்கிறாரு. அம்மாகிட்ட கேட்டா, நேரம் வரட்டும்ங்கறாங்க" என்றானாம். எவ்வளவு புண்பட்டிருந்தால் ஒரு கல்தச்சர் சூப்பு மட்டும் குடிப்பார்! நானே மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, நான் திஹோமிர் பேசறேன்" என்றேன். "ம்ம்ம்" என்றார். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க." "ம்ம்ம்ம்." டக்கென்று வைத்துவிட்டார். மரியாதைக்குக்கூட ஒரு சொல் கிடையாது. ராத்திரியெல்லாம் உன் அக்கா கூரையைப் பார்த்தபடி, "என் பாக்லவாவ வாயில வெச்சுக்கிட்டு இருந்த மனுஷனப் போய்ப் பழுதுன்னீங்களே" என்று அழுதாள். நான் என்ன செய்வேன்? பெட்டியை நிலவறைக்குக் கொண்டுபோய் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மனசு கேட்காமல் ஒரு துணியால் மூடிவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே மச்சான், பெண்ணுக்குத் தாய்மாமன் நீ. தாய்மாமன் சொல்லுக்கு எங்கும் ஒரு மதிப்பு உண்டு. அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி வா. நேராக மலைக்குப் போ. நல்ல பிளம் ரக்கியாச் சாராயம் ஒரு பாட்டில் நான் தருகிறேன். காய்ந்த கை என்றால் உழைத்த கை என்று அர்த்தம், அந்தக் கருவிக்கு உழைப்பாளியைத் தெரியவில்லை, அது கருவியின் பழுதுதான் என்று பக்குவமாக எடுத்துச் சொல். என் பெண்ணின் வாழ்க்கை உன் நாக்கில் இருக்கிறது. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும் என்றுதான் இப்படிக் கடிதமாக எழுதுகிறேன். எழுதியது தெரிந்தால் ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேன் என்று அதற்கும் அழுவாள்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் வீட்டில் எப்போதும் அடுப்பில் நெருப்பும் வாசலில் விருந்தாளியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நாடும் அத்தான்,
திஹோமிர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் கிர்ஸ்மான்! அவர் வாய் திறப்பதற்குள் நான், உனக்கு எழுதியதையெல்லாம் ஒரே மூச்சில், பஸ் நிலையக் குரலில், மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன பழுது? யாரு சொன்னா?" என்றார். அவர் காதில் எதுவுமே விழவில்லையாம்! பாக்லவாவில் ஒரு துண்டு அக்ரூட் ஓடு. கடித்ததும் பல் செட் இரண்டாகப் பிளந்த சத்தம்தான் அவர் தலைக்குள் கேட்டதாம். பொய்ப்பல் என்று பையனுக்கே தெரியாதாம். புதுசு தயாராகி வரும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம். நான் அறிவித்ததைக் கேட்டு இப்போது சிரிக்கிற சிரிப்பில் புதுப் பல்லும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, சுத்தியல் பிடிப்பதற்கு முன் துப்புவது போல் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு ஒயரைப் பிடித்தார். மின்தடை அழகாக வந்தது. யாஸ்னாவையும் முறைப்படி கேட்டுவிட்டார். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆகையால் மலைக்குப் போகவேண்டாம், நேரே இங்கே வா, இன்றே கிளம்பு. "என் பாக்லவாவுல ஓடா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள்தான் உன் அக்கா. அந்த ஆளை இனி சம்பந்தி என்று கூப்பிடவே மாட்டாளாம்.