இடது மரைத் தாழ்ப்பாள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். அதில் முதல் சொல் பொய். மற்ற இரண்டுக்கும் இப்போதைக்கு மனம் வரவில்லை. ஆகவே உன் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். உன்னைப் பற்றிக் கடிதத்தின் முடிவில் யோசிக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ, "சரிக்கா, சரிக்கா, அத்தான்கிட்ட குடு" என்கிறாய். பிறகு நீங்கள் இருவரும் கார்பைடு முனை நல்லதா, சாதா எஃகு முனை நல்லதா என்று பேசிச் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நான் போனுக்காகக் கையை நீட்டியபடி நிற்கிறேன். கடிதத்தை அப்படி அத்தானிடம் கொடுத்துவிட முடியாது. விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வேன் எடுத்துக்கொண்டு வந்து, இரும்பு கடைகிற உன் லேத் மிஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

காரணம் உனக்குத் தெரியாதது அல்ல. மகள் விடுதிக்குப் போனதும் பின்னறை எனக்கு என்று இந்த வீட்டில் பேச்சு. பல்கலைக்கழகத்தில் இத்தனை வருடமாகத் தர்க்கவியல் நடத்துகிறேன். நடத்துவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கி, சாப்பாட்டு மேசையில் பாதி எழுதி, குழம்புக் கறை படாத பக்கங்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாத்தினால் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு. மேசையை நானே வாங்கிப் போட்டேன். அந்த வாரம்தான் நீ வந்து, "புது வீட்ல இடம் பத்தலக்கா, கொஞ்ச நாளைக்கு இங்க வெச்சிக்கிறேன், சின்னதுதான், மேசைமேல வெக்கிற சைஸ்" என்றாய். மேசைமேல் வைக்கிற சைஸ் என்றாயே தவிர, யார் மேசை என்று சொல்லவில்லை. நான்கு ஆள் முக்கி முனகித் தூக்கி வந்து வைத்ததும் என் மேசை ஒரு பெருமூச்சு விட்டு முன்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. உன் அத்தான் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மேசைக்கு விறைப்புப் போதல" என்றார். ஏதோ நான் வளர்த்த பிள்ளையைப் பற்றி வாத்தியார் சொல்வது போல எனக்குப் பட்டது. இப்போது அந்த மேசைக்கு இரும்புக் கால்கள். கால்கள் தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன. தற்காலிகமாக வந்த பொருளைத் தரையோடு சேர்த்து முடுக்குவது ஏன் என்று கேட்டேன். "அதிர்வு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

உன் அத்தானை உனக்குத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு விபத்துகளைப் போய்ப் பார்த்து, "இது கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் அந்தத் தொழிலை வீட்டிலிருந்தே செய்கிறார், விபத்தையும் தானே ஏற்பாடு செய்துகொண்டு. இரும்பைச் சீவும்போது வருகிற சுருள் இருக்கிறதே, நீலமும் பொன்னுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது செருப்பில் இருக்கிறது, துண்டில் இருக்கிறது, நான் திருத்தக் கொண்டுவந்த விடைத்தாள் கட்டுக்குள் இருக்கிறது. ஒரு மாணவன் விடைத்தாளைத் திரும்ப வாங்கி விரலை உறிஞ்சிக்கொண்டே, "மேடம், மார்க் குறைச்சதே போதும்" என்றான். சரி, இவ்வளவு சீவுகிறாரே, வீட்டுக்கு என்ன செய்தார் என்று கேள். லேத்துக்கு ஒரு கைப்பிடி செய்தார். அந்தக் கைப்பிடியைச் செய்ய ஒரு பிடிமானம் தேவைப்பட்டது, அதைச் செய்தார். அந்தப் பிடிமானம் சரியாக உட்கார ஒரு வளையம், வளையத்தைத் துளையிட ஒரு தாங்கி. வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிற வாணலிப் பிடியைக் காட்டினால் மட்டும், "அதுக்கு ஏத்த டூல் இன்னும் செய்யல" என்கிறார். லேத் என்பது லேத்துக்கு வேண்டிய சாமான்களைச் செய்வதற்கான இயந்திரம் என்று நான் முடிவுக்கு வந்திருக்கிறேன். தர்க்கத்தில் இதற்குச் சுழல் வாதம் என்று பெயர். இங்கே அது நிஜமாகவே சுழல்கிறது, எண்ணெய் வேறு தெறிக்கிறது.

பேச்சும் மாறிவிட்டது தம்பி. ஒரு நாள் உள்ளேயிருந்து, "அரை நூல்தான் பிரச்சினை" என்று குரல் வந்தது. பாதியில் நிற்கிற என் புத்தகத்தை நினைத்துக் கவலைப்படுகிறார் போலிருக்கிறது, மனுஷனுக்கு ஈரம் இருக்கிறது என்று நெகிழ்ந்துபோய்க் கதவருகே போய், "என்னங்க பண்றது, இடம் இல்லாம நின்னு போச்சு" என்றேன். "அரை நூல்தானே, அரத்தால ராவிட்டாப் போச்சு" என்றார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகமாம்.

இவர் ஒருவர் என்றால் சமாளிக்கலாம். இவருக்கு ஒரு கூட்டாளி வாய்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். எதையும் மைக்ரானில்தான் சொல்வார் என்பதால் வீட்டில் அவர் பெயரே மைக்ரான். பல்லுக்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியால் இரும்புக் குழாய்க்குள் பார்த்து, "உள்ள கொஞ்சம் சொத்தை இருக்கு" என்பார். இந்த இருவரும் ஒரு நாள், பேரிங்கைக் குளிர வைத்தால் சுருங்கும், அது உட்காரப் போகிற கூட்டைச் சூடு செய்தால் விரியும், அப்போது லபக்கென்று பொருந்தும் என்று கண்டுபிடித்து, சின்னச் சின்ன பேரிங்குகளை என் ஐஸ் தட்டின் குழிகளில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டார்கள். மேலே பனி படர்ந்தால் எது ஐஸ், எது எஃகு என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கென்று எங்கள் துறைத்தலைவர் வீட்டுக்கு வந்தார். பழச்சாற்றைக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் ஸ்பூனால் கலக்கிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு ஐஸ் கரையவே மாட்டேங்குதேம்மா" என்றார். உன் அத்தான் பாய்ந்து வந்து, "சார், கடிச்சிடாதீங்க, அது இறக்குமதி!" என்று கத்தினார். மைக்ரான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "கடிச்சாலும் பரவால்ல, நான் இங்கதானே இருக்கேன்" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியாக நான் கேட்டது ஒரு தாழ்ப்பாள். அந்த அறைக் கதவின் தாழ்ப்பாள் மகள் கோபத்தில் அறைந்து சாத்திய நாளிலிருந்து உடைந்து கிடக்கிறது. அறைதான் கிடைக்கவில்லை, கதவாவது சாத்தினால் சுருள் கூடத்துக்கு வராதே என்று கேட்டேன். கடையில் வாங்கியிருந்தால் மதியத்துக்குள் முடிகிற வேலை. உன் அத்தான் பித்தளையில் கட்டைவிரல் தடிமனுக்குத் திருகு தாழ்ப்பாள் ஒன்று செய்தார். உள்பக்கம் ஒரு குமிழ். அதைத் திருகினால் மரை போட்ட தண்டு மெல்ல நகர்ந்து நிலைக்குள் போய் உட்காரும். லேத்தில் மரை வெட்டும்போது ஒரு நெம்புகோலை முன்னால் தள்ளினால் வலது மரை, பின்னால் இழுத்தால் இடது மரை. இவர் எந்த யோசனையில் இருந்தாரோ, பின்னால் இழுத்துவிட்டார். தண்டும் இடது மரை, அது நுழைகிற கட்டையும் இடது மரை. இரண்டு தப்பும் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்திப் போயின. ஊரில் எல்லாத் தாழ்ப்பாளும் குழாயும் எந்தப் பக்கம் திருகினால் திறக்குமோ, இது அந்தப் பக்கம் திருகினால் இறுகும். நான் சுட்டிக்காட்டியபோது, "தப்பு இல்ல, அது பாதுகாப்பு அம்சம்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு ஓனரம்மா மேலே வந்தார். அவர் படுக்கைக்கு நேர் மேலே கூரையில் எண்ணெய்க் கறை. "மிஷின் போகணும், இல்லேன்னா நீங்க போகணும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்று தெளிவாகச் சொன்னார். தர்க்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் அத்தான் அதைக் காதில் வாங்காமல், "வாங்கம்மா, முதல்ல இந்தத் தாழ்ப்பாளைப் பாருங்க, உள்ள போய்ச் சாத்திப் பாருங்க" என்று கண்காட்சி திறப்பதுபோல அழைத்துப் போனார். அவர் உள்ளே போய்ச் சாத்தினார். கை ஏதோ ஒரு பக்கம் சுற்றியிருக்கிறது, தண்டு உள்ளே போய்விட்டது. பிறகு திறக்கப் போனால், வாழ்நாள் பழக்கம் விடுமா, இடது பக்கமே திருகித் திருகி இறுக்கிக்கொண்டார். "கதவு தொறக்கலப்பா!" என்று சத்தம். "வலது பக்கம் திருப்புங்கம்மா!" என்று உன் அத்தான். "உங்க வலதா, அவங்க வலதா?" என்று மைக்ரான். "வலதுன்னா வலதுதாங்க!" "இல்ல சார், நாம கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம், பேஷன்ட் அந்தப் பக்கம் இருக்காங்க." "அப்ப இடதுன்னு சொல்லவா?" "சொல்லாதீங்க, சொன்னா இறுகிடும்." இரண்டு பேரும் காகிதத்தில் கதவைப் படம் போட ஆரம்பித்தார்கள். உள்ளே சத்தம் நின்றுபோனது. மயங்கி விழுந்துவிட்டாரோ என்று பயந்து கதவருகே ஓடினேன். நான் தட்டிக் கூப்பிட்டதற்கு, "இருக்கேம்மா" என்று மட்டும் பதில் வந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கதவு தானாகத் திறந்தது. ஓனரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. படியிறங்கும்போது என் பக்கம் குனிந்து, "உங்க வீட்டுக்காரருக்கு மரை ஏதும் கழண்டு போச்சாம்மா?" என்றார். அறைக்குள்ளிருந்து உன் அத்தான் பெருமையாக, "கழலாதுங்கம்மா! அது இடது மரை!" என்றார்.

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? வேன் எடுத்து வா. தரையிலிருந்து கழற்ற நல்ல ஸ்பானர் கொண்டு வா. இங்கே இருப்பவற்றையெல்லாம் இன்னும் நல்ல ஸ்பானர் செய்வதற்காகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அத்தான் முகத்தைத் தொங்கப் போடுவார், பார்க்காதே. மைக்ரான் குறுக்கே படுத்தால் தாண்டிப் போ. எனக்கு அந்த அறை வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கையில் எண்ணெய் படாத உத்தியோகத்தில் அமர என் ஆசிகள். உன்னைப் பற்றி யோசித்தேன். நீயும் நன்றாக இரு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு.

அன்புடன்,
அக்கா

பி.கு.: வேன் வேண்டாம்.

லேத் வேனில் அடங்குமா என்று உனக்கு அளந்து எழுதலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கூடத்தில் அவர்கள் இருவரும் இடதா வலதா என்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கதவைச் சாத்தித் திருகினேன். தம்பி, ஒரு சத்தம் இல்லை. பித்தளை என்றாலும் கனமான பித்தளை. ஒரு பலகையை எடுத்து லேத்தின் மேல் குறுக்கே வைத்தேன். எழுத நல்ல உயரம். முக்காலி ஒன்று இருக்கிறது. ஓனரம்மா அன்றைக்கு அதில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. அவர் வீட்டில் இரண்டு மகன், இரண்டு மருமகள், பேரப் பிள்ளைகள். உட்கார்ந்தால் யாராவது ஒருவர் சாவி கேட்பார். நான் அறையை விட்டு வெளியே வந்து படியிறங்கியபோது என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: "மிஷின் இருந்துட்டுப் போகட்டும்மா. அந்தத் தாழ்ப்பாள் மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு. திருத்தறேன் கிருத்தறேன்னு கெளம்பிடப் போறாரு. அதே மாதிரி தப்பாவே இருக்கட்டும்."

இதை நான் மறுபடி அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் அரை நூலும் பக்கத்தில் இருக்கிறது, இன்றைக்குக் கொஞ்சம் வளர்ந்தும் இருக்கிறது. உன் அத்தான் வெளியே நின்று, "வலது பக்கம்மா! உன் வலது பக்கம்!" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது சரிதான். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதை மட்டும் நீ போனில் அவரிடம் உளறிவிடாதே.