இரவல் ஜிமிக்கி

காலுக்கடியில் ஏதோ நசுங்கியபோது கரப்பான்பூச்சி என்றுதான் ஹஸ்முக் நினைத்தான். கரப்பானாக இருந்திருந்தால் தேவலை. அது கோகிலா அண்ணியின் வெள்ளி ஜிமிக்கி. நேற்றுக் கல்யாணத்துக்குப் போட்டுப்போக அவன் மனைவி பாவனா இரவல் வாங்கி வந்தது.

"சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும்," என்றாள் பாவனா. "அண்ணிக்குத் தெரிஞ்சா ராஜ்கோட் ஊர் முழுக்கத் தெரிஞ்ச மாதிரி. அப்புறம் அந்த வீட்டு வாசப்படியை நான் எப்படி மிதிக்கிறது?"

ஜிமிக்கியைப் பாயில் கழற்றிப் போட்டது யார் என்று கேட்க வாயெடுத்தான். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டதால் கேட்கவில்லை.

"தினமும் ஜிமிக்கிக் குடை அடிக்கிறவன் நான் இருக்கேன், இதுக்கா பயப்படுறே? பத்து நிமிஷ வேலை," என்று ஜோடியை வாங்கிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் வெள்ளிப் பட்டறைக்குப் போனான்.

நசுங்கிய குடையை அச்சுக் குழியில் வைத்தான். உருண்டைத் தலை இரும்புக் குத்தியை மேலே பொருத்தி, கைப்பிரஸ்ஸின் பிடியை இழுத்தான். குடை அழகாக நிமிர்ந்தது. கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்துவிட்டது. ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தால் தம்பிக்கு அண்ணன் போல இருந்தது.

பெரிசைச் சின்னதாக்க முடியாது. சின்னதைப் பெரிசாக்கலாமே! மனுஷனுக்குப் புத்தி எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. நன்றாக இருந்த ஜிமிக்கியையும் பிரஸ்ஸில் கொடுத்தான். அது இதைவிட ஒரு சுற்று பெருத்தது. மறுபடி இது. மறுபடி அது. மதியத்துக்குள் இரண்டும் பூரி மாதிரி உப்பிவிட்டன.

"காதுல போடவா, கடாயா வைக்கவா?" என்று கேட்டான் பக்கத்துப் பிரஸ்காரன் தீரு.

அந்த எரிச்சலில் இழுத்த இழுப்பில் மெலிந்துபோன வெள்ளி இரண்டிலும் வாய் பிளந்தது. ஹஸ்முக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழி? முதலாளியிடம் கெஞ்சி வெள்ளித் தகடு வாங்கினான். நேற்றுக் கல்யாணத்தில் பாவனா எடுத்த செல்ஃபியைப் பெரிதாக்கி அளவு பார்த்தான். வட்டம் வெட்டி, சூடு காட்டி, பெரிய குழியிலிருந்து சின்னக் குழிக்கு மாற்றி மாற்றி அழுத்தி, புதுசாகவே ஒரு ஜோடி செய்தான். பழைய மணிகளையும் கொக்கியையும் மாட்டி, புகை காட்டிப் பழசாக்கினான். பார்த்த பாவனாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

சாயங்காலம் இருவரும் கோகிலா வீட்டுக்குப் போனார்கள். கோகிலா டப்பியைத் திறந்தாள். ஜிமிக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய்ப் புகை வாசனையை மோந்தாள். அவள் முகம் தொங்கிப்போனது.

"உங்களுதுதான் அண்ணி. கொடுத்தபடியே இருக்கு," என்றான் ஹஸ்முக்.

கோகிலா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது நாசமாப் போனா தங்கத்துல வாங்கித் தர்றேன்னு உங்க அண்ணன் சத்தியம் பண்ணினாரேன்னுதான் ஊருக்கெல்லாம் இரவல் கொடுக்கிறேன், பாவிங்களா, உங்களோட சேர்த்து நாலு பேர் பாழாக்கி, நாலு பேருமே புதுசு அடிச்சுக் கொண்டாந்து நீட்டுறீங்களே!"