மாமனாரின் ஜீப்புக்கு நாலு ஃபிளேர்

லேசாகத்தான் உரசியது. ஆனாலும் மாமனாரின் ஜீப்பிலிருந்து அரை முழத் துண்டு ஒன்று கழன்று வாசலில் விழுந்தது.

பல் டாக்டர் இறங்கி அதை எடுத்துப் பார்த்தார். சக்கரத்துக்கு மேல், சேறு தெறிக்காமல் தடுக்கப் புடைத்து நிற்கும் ஃபெண்டர் ஃபிளேர். காடு மேடெல்லாம் சுற்றிய ஜீப், வீட்டு கேட் தூணிடம் தோற்றுவிட்டது.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமனார் அந்தச் சாவியைக் கண்ணில்கூடக் காட்டியதில்லை. இந்த முறை மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க மாப்பிள்ளை" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை திரும்புகிறார். இன்று புதன்.

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்."

பல் அடைக்கும் சிமெண்டைக் குழைத்து ஒட்டினார். கச்சிதமாகப் பிடித்தது. கறுப்பு ஃபிளேரின் குறுக்கே வெள்ளைக் கோடு.

"வண்டி சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

கோட்டின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். வெயிலில் வெளுத்த பழைய ஃபிளேரில் அது தார் ஊற்றியது போல மின்னியது. சுரண்டினார். ஃபிளேர் மூன்று துண்டானது.

வியாழக்கிழமை க்ளினிக்கைப் பாதியில் மூடிவிட்டு உதிரிபாகக் கடைக்கு ஓடினார்.

"ஒண்ணே ஒண்ணு போதுங்க."

"நாலும் செட்டாத்தான் வரும் டாக்டர்" என்றார் கடைக்காரர். "இது கெட்டி பிளாஸ்டிக், மலிவு. இது ஃபைபர், அழகா இருக்கும், கல்லு பட்டா போச்சு. இது வளையற பிளாஸ்டிக், பழசைவிட ரெண்டு விரக்கடை அகலம், விலை கொஞ்சம் கூட. இடிச்சா மடங்கும், உடையாது. உள்ளயும் வெளியவும் ஒரே கறுப்பு, கீறினாலும் தெரியாது."

'மலிவா அடைச்சா மறுபடியும் வலிக்கும்' என்று தினமும் நோயாளிகளுக்குச் சொல்பவர், மலிவானதையே வாங்கினார்.

பழசைக் கழற்றும்போது மிச்ச மூன்றும் உடைந்தன. புதுசை மாட்டி, கடைசித் திருகாணியை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கினார். டிக். அதுவும் விரிசல்.

வெள்ளிக்கிழமை கைக்கு வேலை ஓடவில்லை. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவரின் கடைவாய்ப் பல் அவருக்கு ஃபிளேராகத் தெரிந்தது. "மொத்தமாக் கழட்டிட்டு, ரெண்டு விரக்கடை அகலமா வேற மாட்டிடலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நோயாளி எழுந்து போய்விட்டார்.

அன்று மாலையே வளையும் ஃபிளேரை வாங்கிவந்து தானே பொருத்தினார். பார்க்க ஜோராக இருந்தது. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமென்று வெளியே எடுத்தார். பழையதைவிட இரண்டு விரற்கடை அகலம் என்பது திரும்பி உள்ளே வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபிளேர் மடங்கி நிமிர்ந்தது. கேட் தூணின் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"நல்ல தரம்தான்" என்றாள் மனைவி, தூணைப் பார்த்தபடி.

சனிக்கிழமை காலை மாமனார் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஜீப்பை ஒரு சுற்று சுற்றினார்.

"ஃபிளேர் புதுசா இருக்கே?"

மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பொய்யெல்லாம் டாக்டருக்கு மறந்துபோய்விட்டது. "தெரியாம இடிச்சுட்டேன் மாமா. மன்னிச்சிடுங்க."

மாமனார் பெருமூச்சு விட்டார். பிறகு அவர் தோளில் கை போட்டார். "பரவாயில்ல மாப்பிள்ளை. வண்டின்னா நாலு இடம் இடிபடத்தான் செய்யும். இனிமே பார்த்து ஓட்டுங்க."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரிடமா மறைக்கப் பார்த்தோம் என்று மனசு குறுகுறுத்தது.

பின்பக்க ஃபிளேர் ஒன்று லேசாக ஆடியது. சரிபார்க்க இருவரும் கடைக்குப் போனார்கள். டாக்டர் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டிருக்க, மாமனார் முதலில் இறங்கினார்.

கடைக்காரர் ஜீப்பையும் அவரையும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"கெட்டிக்காரர்தான் ஐயா நீங்க. உடைஞ்சதைப் பசை போட்டு நிறுத்தி மாப்பிள்ளை கையில குடுத்தா ஒண்ணு புதுசா வந்துடும்னு சொன்னீங்க, நாலும் வந்துடுச்சே."