எட்டுப் பல் தெரியும்படி

அரூரில் ஓர் அரசு அலுவலகம். எதுவென்று சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்; ஆகவே வேண்டாம். இண்டூர் தெரசா ஏழு வருடம் பரீட்சை எழுதி அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்தாள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால், தகுதிகாண் பருவம் முடிவதற்குள் அதிகாரி ஜெயபாலின் மனம் குளிர வேண்டும்.

அவர் மனம் குளிர்வதற்கென்றே ஒரு சுற்றறிக்கை இருந்தது. தீர்க்கப்பட்ட ஒவ்வொரு மனுவோடும் மனுதாரர் சிரிக்கும் படம் இணைக்கப்பட வேண்டும். குறைந்தபட்சம் எட்டுப் பல் தெரிய வேண்டும். பல்லைக் கணினியே எண்ணிக்கொள்ளும்.

சேர்ந்த மாதமே தெரசா அலையாய் அலைந்து, சித்தேரி கரியனுக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தாள். கரியன் வாய் கொள்ளாமல் சிரித்தார். இருந்ததே ஐந்து பல். கணினி மனுவைத் திருப்பிவிட்டது.

"பட்டா குடுத்தாச்சு சார்," என்றாள்.

"குடுத்தா ஆச்சாம்மா? பல்லு எங்க?" என்றார் ஜெயபால். பல் உள்ளவர்களாகப் பார்த்துக் குறை தீர்க்கத் தெரியாதவள் நிரந்தரமாகி யாருக்கு லாபம் என்றும் வருத்தப்பட்டார்.

தெரசா அறையை விட்டு வந்தாள். வெளியே பெஞ்சில் மாதேஷ் உட்கார்ந்திருந்தார். தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எட்டு மாதமாக வருகிறவர். யாரைப் பார்த்தாலும் முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பார். பாவம், சுபாவம் அப்படி. கரியனுக்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தன் மனுவும் நகருமே என்று அவரும் நின்றார். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அப்புறம் என்ன? மாதேஷ் சிரிக்கச் சிரிக்க வட்டாரத்துக் குறையெல்லாம் தீர்ந்தது. தெருவிளக்கு, தையல் மிஷின், விதவை உதவித்தொகை, பிரசவ உதவி, எல்லாவற்றுக்கும் அவர் பல்தான். படம் எடுக்கவே பொழுது சரியாக இருந்ததால், குறைகளின் பக்கம் யாரும் போகவில்லை. ஜெயபாலுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

தெரசாவின் தகுதிகாண் பருவம் முடியும் நாளன்று மாதேஷின் சொந்த மனு மேசைக்கு வந்தது. ஜெயபால் கணினியைப் பார்த்தார், மாதேஷைப் பார்த்தார்.

"உங்களுக்கு இதுவரைக்கும் நாப்பத்தேழு கொற தீத்துருக்கோம். பிரசவம் உட்பட. இன்னமும் கேட்டா எப்படிங்க?"

மாதேஷின் சிரிப்பு முதல்முறையாக மறைந்தது. தெரசாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நிரந்தர ஆணை கணினியில் காத்திருந்தது. அதற்கும் பணியாளர் சிரிக்கும் படம் வேண்டுமாம், ஐந்து மணிக்குள். மூன்று முறை முயன்றாள். மாதேஷ் முகத்தைப் பார்த்த பிறகு உதடு பிரியவில்லை.

வாசல்வரை போன மாதேஷ் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தள்ளுங்க மேடம். உங்களுதாச்சும் ஆவட்டும்," என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

ஆணை வந்துவிட்டது. மாதேஷுக்கு நாற்பத்தெட்டாவது குறையும் தீர்ந்ததாக ஜெயபால் குறித்துக்கொண்டார்.