கிராபிக்ஸ் கார்டு உள்ளே போக மறுப்பது குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வீட்டில் இப்போதைக்குப் படுத்த படுக்கையாக இருப்பது புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மறுபடி பிரித்துத்தானே ஆக வேண்டும்.

நாலு பேர் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு பனிமலை ஏறுகிற விளையாட்டை நீ தினமும் ஆபீஸ் முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறாய் என்று அம்மா சொன்னாள். கூட ஆடுகிற மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்களாம். எனக்குப் பொறாமை வந்தது, மறைப்பானேன். உன்னைப் பார்த்து ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. தையல் மெஷினை நிறுத்தினால் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. மனசு உன்னைத் தேடுகிறது. அந்தக் கயிற்றில் எனக்கும் ஓர் இடம் கிடைக்காதா என்றுதான் விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைச் சேர்க்க முடிவு செய்தேன். நாற்பது வருஷமாக ரெடிமேட் சட்டைக்காரர்களை ஏளனம் செய்த தையற்காரன், கம்ப்யூட்டரை மட்டும் ரெடிமேடாக வாங்கினால் ஊர் சிரிக்காதா? அதனால் பாகம் பாகமாக நானே தேர்ந்தெடுத்தேன்.

மதர்போர்டை ஒரு கடையிலும் பிராசஸரைப் பக்கத்துக் கடையிலும் எடுத்துக்கொண்டு வந்து பொருத்தினால் பொருந்தவில்லை, திரும்பிப் போனேன், கடைக்காரர் "இது அதுல உக்காராது சார்" என்றார், "கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா?" என்றேன், "இது துணி இல்ல சார்" என்றார், மாற்றிக்கொண்டு வந்து சூடு இறங்குவதற்காக பிராசஸர் மேல் பட்டாணி அளவு பசை வைத்துவிட்டுத் திரும்பினால், "புதுசுன்னாங்க, இவ்ளோ அழுக்கா இருக்கே" என்று உன் அம்மா ஈரத் துணியால் துடைத்துவிட்டாள், விசிறி வாங்கப் போனால் எல்லாம் ஏழு நிறத்தில் மின்னுகிறது, "மின்னாதது இருக்கா?" என்றதற்கு, "கேமிங்குக்குத்தானே சார் கேட்டீங்க?" என்று கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், கம்ப்யூட்டரின் ஞாபகத்துக்கு ராம் என்கிற பட்டை இரண்டு வாங்கச் சொன்னார், ஒன்று வீணானால் இன்னொன்று ஆகும் என்று நினைத்து ஒன்றைப் பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும். கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறதே, பனியும் மலையும் திரையில் தெரிவது அதனால்தானாம், அதுதான் என் மானத்தை வாங்கியது. டேப் வைத்துக் கார்டை அளந்தேன், எல்லாவற்றையும் அடைக்கிற கேபினட் பெட்டியை அளந்தேன், கேபினட் இரண்டு விரற்கடை அதிகம், கச்சிதம் என்று வாங்கிவந்தேன். உள்ளே வைத்தால் போகவில்லை. முன்பக்கத்து விசிறியும் தகரமும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. "வெளிய அளந்தீங்களா, உள்ள அளந்தீங்களா சார்?" என்கிறார் கடைக்காரர். வாழ்நாள் முழுக்க ஆட்களை வெளியே இருந்துதான் அளந்திருக்கிறேன். உள்ளே விட்டு அளக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லையே! "உங்கள நம்பி எத்தன பேரு சட்டை போட்டுட்டுத் திரியறாங்க!" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆக, துணி வெட்டுகிற மேஜையில் எல்லாம் பிரிந்து கிடக்கிறது. நீ ஒரு வாரம் லீவு போட்டு வந்து, சரியான பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால்தான் இதற்கு உயிர் வரும். வேறு வழியே இல்லை என்று கடைக்காரரும் கைவிரித்துவிட்டார்.

நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் பெற்று நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: கடிதத்தைப் படித்த உன் அம்மா, "பொய் எழுதின கடுதாசிக்கு நான் ஸ்டாம்பு ஒட்ட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். எனவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேபினட்டை மறுநாளே மாற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் பத்தொன்பது நாளாக நன்றாக ஓடுகிறது. விளையாட்டில் நீ வைத்திருக்கும் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, உங்கள் கூட்டத்தில் ஒருவர் விலகிய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மைக்கே போடாமல், பள்ளத்துக்குப் பள்ளம் விழுந்து எல்லாரையும் கீழே இழுக்கிறாரே ஒருவர், அது நான்தான். மற்ற இருவரும் "அந்தாளக் கழட்டி விடுங்க" என்றபோது நீ, "பாவம், புதுசு போல. சார், பயப்படாதீங்க, மெதுவா என் பின்னாடியே வாங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றாய். எனக்குக் கண் கலங்கி, மலை தெரியாமல் மறுபடியும் விழுந்தேன். நீ மேனேஜரைத் திட்டுவதையும், வாய்விட்டுச் சிரிப்பதையும், ஏதோ பாட்டை முணுமுணுப்பதையும் தினமும் கேட்கிறேன். நான்தான் என்று தெரிந்தால் அப்பாவிடம் பேசுகிற மாதிரிப் பேசத் தொடங்கிவிடுவாயே என்றுதான் வாயைத் திறக்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. கழட்டி மட்டும் விட்டுவிடாதே, அம்மாடி.