பத்தொன்பதாம் தேதி லாரி

இந்த வருஷம் எது போனாலும் போகட்டும், நாற்காலி மட்டும் போகக்கூடாது. செய்தி சார் இந்த முடிவுக்கு வந்தபோது அந்த நாற்காலியில்தான் படுத்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் அது பொய். அது உட்காருகிற நாற்காலியே இல்லை. கைப்பிடிக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். அதை இழுத்தால் முதுகுப் பக்கம் பின்னால் போகும், கால் பக்கம் மேலே வரும், செய்தி சாருக்குக் குறட்டை வரும்.

நகராட்சி அலுவலகத்தில் செய்தி மடல் தயாரிக்கிற வேலை அவருக்கு. அதனால்தான் அந்தப் பெயர். மடல் மூன்று மாதத்துக்கு ஒன்று, நாலு பக்கம். குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கிற நேரத்தில் வருகிற வசந்த இதழுக்குத்தான் கிராக்கி. பூங்காவில் என்றைக்கு மரக்கன்று கொடுக்கிறார்கள், நாய்க்கு எங்கே ஊசி போடுகிறார்கள், நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், பஸ்ஸில் கிடந்த பூப்போட்ட குடை யாருடையது, எல்லாம் அதில் வரும். ஆனால் ஊரே முதலில் புரட்டுவது மூன்றாம் பக்கத்தை. எந்தத் தெருவுக்கு என்றைக்குப் பெரிய லாரி வரும் என்கிற பட்டியல் அங்கேதான். வேண்டாத கட்டில், பீரோ, மெத்தை எதுவானாலும் அன்று காலை எட்டு மணிக்குள் வாசலில் வைத்துவிட்டால் நகராட்சி அள்ளிக்கொண்டு போகும். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை.

"அடுத்த வசந்தத்துக்கு லாரி வரட்டும், நாற்காலியை நானே தூக்கி வாசல்ல வெச்சுடறேன்" என்று போன வருஷம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அதுவும் எதிர் வீட்டு விசில் முன்னால். விசில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர் காதில் விழுந்த சங்கதி தெருவின் கடைசி வீடு வரைக்கும் டிக்கெட் வாங்காமலே போய்ச் சேரும்.

வீட்டம்மாவுக்குத் தையல் வேலை. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அவர் கையால் தைத்ததுதான். மிஷின் கிடந்தது சமையலறைக்குப் போகிற இருட்டு நடையில்.

"என்னங்க, ஜன்னல் ஓரத்துல மிஷினைப் போட்டா என் கண்ணு தப்பிக்கும். நீல நூலா கறுப்பு நூலான்னு வாசலுக்குப் போய்ப் பாத்துட்டு வர வேண்டியிருக்கு."

"அங்கதான் நாற்காலி இருக்கே."

"அதைத்தான் சொல்றேன்."

"அந்த இடத்துல வெளிச்சம் நல்லா இருக்கும்மா."

"கண்ணை மூடிட்டுத் தூங்கறவருக்கு வெளிச்சம் எதுக்குங்க?"

கேள்வி நியாயமாக இருந்தால் செய்தி சாருக்கு எப்போதுமே கோபம்தான் வரும். கோபத்தோடு ஆபீசுக்குப் போனார். மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். அவர்கள் தெருவுக்கு நேரே பன்னிரண்டு, சனிக்கிழமை என்றிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பன்னிரண்டைப் பத்தொன்பது ஆக்கினார்.

பத்தொன்பதும் சனிக்கிழமைதான். யாருக்கும் சந்தேகம் வராது. லாரிக்காரர்களிடம் இருப்பது வேறு பட்டியல். அவர்கள் பன்னிரண்டாம் தேதி வருவார்கள், வாசல்களில் ஒரு துரும்பும் இருக்காது, திரும்பிப் போவார்கள். பத்தொன்பதாம் தேதி தெருவே காத்திருக்கும், லாரி வராது. அப்புறம் என்ன? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் தேதி லாரி யார் கண்ணிலும் படக்கூடாதே என்று அதற்கும் ஓர் ஏற்பாடு செய்தார். மரக்கன்று கொடுக்க நாள் கேட்டு வந்த பூங்காத் தோட்டக்காரரிடம், "பன்னண்டாம் தேதி காலைல ஏழரைக்கு வெச்சுக்கோங்க, கூட்டம் அள்ளும்" என்றார். நாய் ஊசியையும் அதே நேரத்துக்கு, அதே பூங்காவில் வைத்தார். நாற்பது வீட்டு ஓட்டைக் கட்டில்கள் மனசில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தன. ஒரு டீ குடித்தார், சரியாகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி காலை தெரு காலி. விசில் நாயை இழுத்துக்கொண்டு போனார், இல்லை, நாய் விசிலை இழுத்துக்கொண்டு போனது. வீட்டம்மா மட்டும் போகவில்லை. எட்டுச் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்க வேண்டும் என்று சொல்லி மிஷினில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்கு லாரி தெருவுக்குள் திரும்பியது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவை ஓடியது. இரண்டு ஹாரன் அடித்தது. போய்விட்டது. செய்தி சார் நாற்காலிக் கம்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக அதற்கு டாட்டா காட்டினார்.

நடையில் மிஷின் சத்தம் நின்றது.

"என்னங்க சத்தம்?"

"பால் வண்டிம்மா."

"பால் வண்டிக்கா டாட்டா காட்டினீங்க?"

"கொசு விரட்டினேன்."

"சரி" என்றார் வீட்டம்மா. மிஷின் மறுபடி ஓடியது. இவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்ததே கிடையாது. அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டாமா மனுஷன்? இல்லை, தூங்கிவிட்டார்.

அடுத்த வாரம் ஆபீசில் எல்லாமே நல்லபடியாக நடந்தது. யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காத பெரிய அதிகாரி புதன்கிழமை செய்தி சாரின் தோளில் தட்டிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை மறுபடி தட்டி, "உங்களை மாதிரி நாலு பேர் போதும்" என்று தழுதழுத்தார். பதவி உயர்வு வரப்போகிறது என்று செய்தி சார் முடிவே கட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ திராட்சை வாங்கிக்கொண்டு வந்தார்.

பத்தொன்பதாம் தேதி விடிந்தது. தெருவைப் பார்க்க வேண்டுமே! மூன்று கால் கட்டில், கதவில்லாத பீரோ, பீரோவில்லாத கதவு, பஞ்சு பிதுங்கின மெத்தைகள், சக்கரம் போன சைக்கிள். விசில் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய பிரிட்ஜ். செய்தி சார் பனியனோடு வந்து நாற்காலியைத் தானே வாசலுக்கு இழுத்து வைத்தார். முகத்தில் ஒரு தியாகக் களை.

"வாக்குன்னா வாக்குதான் சார்!" என்று விசிலைப் பார்த்துக் கத்தினார்.

"சபாஷ்!" என்றார் விசில். தெருக்கோடி வரை கேட்டது.

மத்தியானம் வரைக்கும் பார்ப்பது, லாரி வரவில்லையே, நான் என்ன செய்வேன் என்று உதட்டைப் பிதுக்குவது, நாற்காலியை உள்ளே இழுப்பது, படுப்பது. இதுதான் திட்டம். பல் தேய்த்துக்கொண்டே அதை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

எட்டு மணிக்கு லாரி வந்தது.

பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. லாரி நேராக அவர் வீட்டு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கினார். கையில் ஒரு கவர்.

"செய்தி சார் நீங்கதானே? பெரிய அதிகாரி குடுத்து விட்டாரு. எல்லார் முன்னாடியும் படிக்கச் சொன்னாரு."

அவர் கை நீட்டுவதற்குள் விசில் கவரைப் பிடுங்கிவிட்டார். பிரித்தார், தொண்டையைக் கனைத்தார், படித்தார்.

"'நம் செய்தி மடலில் தேதி தவறாக வந்துவிட்டதைத் தானே கண்டுபிடித்து, எனக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டு, தெரு மக்கள் சிரமப்படக் கூடாது என்று லாரியை மீண்டும் அனுப்பச் சொல்லி, அன்று சுமை தூக்க ஆள் குறைந்தால் தானே வந்து தூக்குவதாகவும் எழுதியிருக்கும் இந்த ஊழியரைப் பாராட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆபீசில் இதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இதுவரை மௌனமாக இருந்தேன்.'"

தெருவே கை தட்டியது. கடைசி வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். செய்தி சார் மட்டும் தட்டவில்லை. நான் எழுதவில்லை என்று சொல்லலாம். சொன்னால், அப்படியானால் தேதி எப்படி மாறியது என்று கேட்பார்கள். மெல்லத் திரும்பி வாசல்படியைப் பார்த்தார். வீட்டம்மா நிதானமாக நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "நீதானே எழுதினே?"

"நான் எங்கே எழுதினேன்? நீங்க எழுதினீங்க."

"என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?"

"இருபது வருஷமா உங்க லீவு லெட்டரை எழுதறது யாருங்க? ஆபீசைப் பொறுத்தவரைக்கும் உங்க கையெழுத்துன்னா அது என் கையெழுத்துதான். நூலகத்துல ஆலோசனைப் பெட்டி இருக்குன்னு நீங்கதானே மடல்ல போட்டிருந்தீங்க, அதுல போட்டேன். போங்க, லாரி நிக்குது."

"பால் வண்டின்னு நம்பினியே, பாவி!"

"பத்து டன் பால் எந்த வீட்டுக்குங்க? போங்க."

டிரைவர் கையுறையை நீட்டினார். "ரெண்டு ஆள் லீவு சார். நல்லவேளை, நீங்க ஒத்துக்கிட்டீங்க."

நாற்பது வீடு. கட்டிலைத் தூக்கினார், மெத்தையைத் தூக்கினார். விசிலின் பிரிட்ஜைத் தூக்கும்போது அதற்குள்ளிருந்து ஒரு சின்ன மிக்சி விழுந்தது, அதையும் தூக்கினார். "ரைட், ரைட், அப்படியே பின்னால வாங்க, இன்னும் வரலாம்" என்று விசில் வழி சொல்லிக்கொண்டே வந்தார், ஒரு கை கொடுக்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது நாற்காலி.

"இது இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்றார் செய்தி சார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் கம்பியை இழுத்துப் பார்த்தார். முதுகு பின்னால் போனது, கால் மேலே வந்தது. டிரைவர் முகம் மலர்ந்தது.

"அட, நிஜமாவே நல்லா இருக்கு சார்! எங்க ஷெட்டுல ராத்திரி டூட்டி பாத்துட்டு வர்றவனுக்கு முதுகைச் சாய்க்க இடமே இல்லை. அங்க போட்டுக்கறோம். உங்க பேரைச் சொல்லிப் படுத்துக்கறோம்."

தெரு இன்னொரு தடவை கை தட்டியது. தன் நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கி லாரியின் உச்சியில் வைத்துவிட்டு இறங்கினார் அவர். லாரி கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். நிஜமாகவே அழுகை வந்தது. பெருமையில் அழுகிறார் என்று விசில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது மணி ஒன்று. ஜன்னல் ஓரம் பளிச்சென்று இருந்தது. மிஷின் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. வெயில் நேராக ஊசி முனையில் விழுந்தது. வீட்டம்மா ஒரே தடவையில் நூலைக் கோத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் செய்தி சாருக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பு இல்லை. முதுகை எங்கேயாவது ஒரு நிமிஷம் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பக்கமும் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஜன்னல் பக்கத்துச் சுவரில் மெல்லச் சாய்ந்தார்.

"ஐயோ, அங்க சாயாதீங்க" என்றார் வீட்டம்மா. "பெயிண்ட் இன்னும் காயலை."